சத்தம் போடாத ஏர் பம்ப் வாங்குவது எப்படி, அதைப் பல வருடம் ஓட்டுவது எப்படி

மீன் தொட்டிக்குக் காற்று ஊட்டும் ஏர் பம்ப்பின் சத்தமும் ஆயுளும் தனித்தனி விஷயங்கள் இல்லை. சிரமப்படாமல் ஓடுகிற பம்ப் சத்தம் போடாது, சீக்கிரம் கெடாது. அதைச் சிரமப்படுத்துவது எது என்று புரிந்தால் வாங்குவது எளிது.

உள்ளே இருப்பது எளிய அமைப்புதான். ஒரு காயில் (கம்பிச்சுருள்), ரப்பர் கையில் பொருத்திய காந்தம், அதன் நுனியில் கிண்ணம் போன்ற ரப்பர் டயாஃப்ரம், காற்றை ஒரே பக்கம் விடும் சிறு மடல் வால்வுகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் காந்தம் நொடிக்கு 50 முறை ஆடும். அந்த ஆட்டம்தான் நம் காதில் ரீங்காரமாக விழுகிறது. டியூபில் எதிர்அழுத்தம் (காற்று வெளியேறுவதை எதிர்த்துத் தள்ளும் அழுத்தம்) கூடினால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ரப்பர் கூடுதலாக வதைபடும். சத்தம் ஏறும், சில மாதத்தில் ரப்பர் கிழியும்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் விளிம்பு வரை ஊற்றினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டரோ, காற்றைக் குமிழிகளாக உடைக்கும் துளைக்கல்லான ஒரு ஏர் ஸ்டோனோ ஓட்ட, நிமிடத்துக்கு 1.5 முதல் 2 லிட்டர் காற்று தாராளம். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, டியூபில் தடையே இல்லாதபோது வருவது. அதைவிட அழுத்தக் கணக்கைப் பாருங்கள். 0.01 மெகாபாஸ்கல் என்றால் ஏறக்குறைய 1 மீட்டர் ஆழம். அந்த ஆழத்தில் காற்று வருவது நின்றே போகும். உங்கள் தண்ணீர் ஆழத்தைப் போல மூன்று மடங்காவது தாங்கும் பம்ப்பாக எடுத்தால் அது திணறாது. பீசோ வகை (காந்தத்துக்குப் பதில் மின்சாரத்தில் அதிரும் தகடு கொண்ட) குட்டி பம்ப்புகள் மிக அமைதியானவை, ஆனால் அழுத்தம் குறைவு. சின்னக் கண்ணாடித் தொட்டியோடு சரி.

கடையில் பக்கத்துத் தொட்டிகளின் இரைச்சலில் எந்த பம்ப்பும் அமைதியாகவே தெரியும். அதனால் காதை நம்பாமல் கையை நம்புங்கள். முதலில் ஓட்டாமல் குலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் கலகலக்கக் கூடாது. பிறகு ஓடவிட்டு உள்ளங்கையில் வையுங்கள். அதிர்வு சீராக இருக்க வேண்டும். டியூபை இரண்டு நொடி மட்டும் இறுக்கிப் பிடித்தால் நல்ல பம்ப்பின் குரல் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான், மோசமானது கடகடக்கும். ஒரே மாடலிலேயே ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும், இரண்டு மூன்றை ஓட்டிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். அந்த மாடலுக்கு டயாஃப்ரம் தனியாகக் கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். கிடைக்காது என்றால் ரப்பர் போன அன்றே பம்ப்பும் போச்சு.

இரட்டை அவுட்லெட் வாங்கினால் ஒன்றை அடைத்து வைக்காதீர்கள். இரண்டையும் டி-ஜாயின்ட் போட்டு ஒரே டியூபில் சேருங்கள்.

வீட்டில் காற்றை அளப்பதற்கு 1 லிட்டர் பாட்டில் போதும். அதில் தண்ணீர் நிரப்பி, பக்கெட் தண்ணீருக்குள் கவிழ்த்துப் பிடித்து, டியூபை வாய்க்குள் விடுங்கள். 30 நொடியில் பாட்டில் காலியானால் நிமிடத்துக்கு 2 லிட்டர். இதை எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து ஒப்பிடலாம்.

பம்ப்பைத் தொட்டி மூடிமேலும் உள்ளே காலியான பிளைவுட் ஸ்டாண்டு மேலும் வைத்தால் பலகை மத்தளம் போல அதிரும். அரை அங்குல ஸ்பாஞ்சுமேல் வையுங்கள், அல்லது கயிற்றில் தொங்கவிடுங்கள். சுவரைத் தொடக் கூடாது. சத்தத்துக்குப் பயந்து துணியால் சுற்றவே கூடாது. சூட்டில் ரப்பர் இறுகிவிடும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைப்பதானால் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாமல் ஓட்டாதீர்கள். கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியே இறங்கி பம்ப்புக்குள் போகும். வால்வின் அம்பு தொட்டியைப் பார்க்க வேண்டும். மாட்டும் முன் வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும்.

காற்று அதிகமாகத் தெரிந்தால் டியூபை நெரித்துக் குறைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. டி-ஜாயின்ட்டில் ஒரு வால்வு வைத்து மிச்சக் காற்றை வெளியே விடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் குறைக்கவே வேண்டாம்: 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் சுமார் 7.5 தான்.

கரண்ட் ஷட்டவுன் நாட்களுக்கு, மின்சாரம் நின்றதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி பம்ப் ஒன்று இருந்தால் நிம்மதி. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சாதாரண பம்ப் அதிகமாக உறுமும்; அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

வழக்கத்தைவிடச் சத்தம் ஏறினால் முதலில் பம்ப்பிலிருந்து டியூபைக் கழற்றுங்கள். சத்தம் அடங்கினால் குற்றம் ஏர் ஸ்டோனில். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் சுண்ணாம்பு படிந்து அதன் துளைகள் சீக்கிரம் அடையும். புதிது மாற்றுவதே மலிவு. நான்-ரிட்டர்ன் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அடங்காவிட்டால், அடியில் உள்ள ஃபெல்ட் துண்டில் தூசி அடைத்திருக்கும். தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

அதுவும் இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடி ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். டயாஃப்ரத்தை வெளிச்சத்தில் விரலால் லேசாக வளைத்தால், கிண்ணம் மடியும் இடத்தில் தலைமுடி போன்ற கீறல் தெரியும். புதியதைப் பொருத்தியபின் காந்தம் காயில் முனைகளுக்கு நேர் நடுவே நிற்கிறதா என்று பார்த்து மூடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஓடவிட்டதுமே காந்தம் இரும்பில் மோதிக் கடகடக்கும்.