05/06 என்பது எந்த நாள்? அமெரிக்காவிலிருந்து கனடா வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிச்சிகனில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஆற்றைத் தாண்டி விண்ட்சருக்கு வந்தவன் நான். டெட்ராய்ட்டுக்கும் விண்ட்சருக்கும் நடுவில் ஒரு பாலம்தான். லாரிகளுக்கு லோடு பிடித்துக்கொடுக்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். போன மாதம் டெக்சாஸிலிருந்து வந்து சேர்ந்த ஒரு தம்பி, நான் வந்த புதிதில் செய்த அதே தவறைச் செய்துவிட்டு, "அண்ணா, மெயில்ல இருந்த தேதியைத்தானே போட்டேன்?" என்று கேட்டான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டூக் என்றால் கம்பளிக் குல்லாய், லூனி ஒரு டாலர் நாணயம், டூனி இரண்டு டாலர் என்றெல்லாம் பட்டியல் போடப்போவதில்லை. காதில் புதிதாக விழும் சொல்லை நாமே கேட்டுத் தெரிந்துகொள்வோம். ஏற்கெனவே தெரியும் என்று நாம் தாண்டிப் போகிற சொல்லும் எண்ணும்தான் கையைக் கடிக்கும்.

தேதியை அமெரிக்கப் பழக்கத்தில் படிப்பது

அமெரிக்காவில் 05/06 என்றால் மே 6. அதில் யாருக்கும் சந்தேகம் வராது. கனடாவில் அது மே 6 ஆகவும் இருக்கலாம், ஜூன் 5 ஆகவும் இருக்கலாம். பிரிட்டிஷ் வழக்கத்தில் நாள் முதலில் வரும், பிரெஞ்சு வழக்கமும் அப்படித்தான். பக்கத்து நாட்டிலிருந்து வரும் படிவங்களிலும் மென்பொருளிலும் மாதம் முதலில் வரும். அரசு பரிந்துரைப்பது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. இந்த மூன்றும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே அலுவலகத்தில் புழங்குகின்றன.

என் கதை இது. மான்ட்ரியாலுக்கு வெளியே இருக்கும் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மேப்பிள் பாகுப் பீப்பாய்களை எடுத்து மிச்சிகனுக்கு அனுப்ப வேண்டும். மெயிலில் 05/06 என்று இருந்தது. மே 6 காலைக்கு லாரியை அனுப்பினேன். விண்ட்சரிலிருந்து ஏறக்குறைய 900 கிலோமீட்டர். டிரைவர் ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு போய் நின்றால் கேட் பூட்டியிருக்கிறது. போன் செய்தால், "சரக்கு ஜூன் 5ஆம் தேதிக்குத்தானே?" என்கிறார்கள். டிரைவர் வண்டியிலேயே படுத்துத் தூங்கிவிட்டு, திரும்பி வர வேறு லோடு கிடைக்காமல் வெறும் டிரெய்லரோடு வந்தார். டீசல், டிரைவரின் இரண்டு நாள், ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்த இன்னொரு லோடு, எல்லாம் போனது. பணத்தை நிறுவனம் தாங்கிக்கொண்டது. அந்த டிரைவர் அந்த வாரம் தன் மகளின் பள்ளி நிகழ்ச்சிக்குப் போக முடியவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஒரே ஒரு போன் செய்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

அந்த வாடிக்கையாளர் எழுதியதில் தவறு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் ஊர் வழக்கப்படி எழுதினார்கள். படித்தவன்தான் கேட்டிருக்க வேண்டும்.

"கனடாவில் பிரிட்டிஷ் முறை, நாளை முதலில் வைத்துப் படி" என்று சிலர் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அதை நம்பி, அமெரிக்க வழக்கத்தில் எழுதும் டொராண்டோக்காரரின் மெயிலைப் படித்தால் இதே விபத்து மறுபக்கத்திலிருந்து வரும். எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய வழியே இல்லை. நாள் எண் 12ஐத் தாண்டினால் குழப்பமில்லை. அதற்குள் இருந்தால், வருடத்தில் 132 நாட்கள் இரண்டு விதமாகவும் படிக்கக்கூடியவை.

சிலர் கிழமையைக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் முழுக் காவல் இல்லை. மே 9, செப்டம்பர் 5 இரண்டும் எந்த வருடத்திலும் ஒரே கிழமையில்தான் வரும். ஜூலை 11, நவம்பர் 7 ஜோடியும் அப்படியே. அதனால் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், எழுத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் அலுவலகத்தில் மாதத்தின் பெயர் இல்லாத தேதிக்கு இப்போது லாரி கிளம்பாது.

எழுத்திலும் ஒரு சின்ன எச்சரிக்கை இருக்கிறது. உணவுப் பொட்டலங்களில் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பொதுவாக இரண்டெழுத்து மாதக் குறிகள் போட்டிருப்பார்கள். அதில் எம்.ஏ. என்றால் மே. மார்ச் என்பது எம்.ஆர். புதிதாக வந்தவர்கள் எம்.ஏ.வை மார்ச் என்று படித்து நல்ல தயிரைக் குப்பையில் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஹைட்ரோ என்றால் தண்ணீர் என்று நினைப்பது

ஒன்டாரியோவில் வாடகை விளம்பரத்தில் "ஹைட்ரோ தனி" என்று இருந்தால் அது மின்கட்டணம். மாகாணத்தின் மின்சாரம் நயாகரா போன்ற நீர்வீழ்ச்சிகளிலிருந்து வந்த காலத்துப் பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதைத் தண்ணீர்க் கட்டணம் என்று எண்ணி, மின்சார ஹீட்டர் வைத்த பேஸ்மென்ட் வீட்டை எடுத்துவிட்டது. ஜனவரி பில் வந்த பிறகுதான் புரிந்தது. கையெழுத்துப் போடும் முன் போன குளிர்கால பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

மான்ட்ரியாலில் வீடு தேடினால் "மூன்றரை" என்பதில் அந்த அரை, குளியலறை. மூன்று படுக்கையறை என்று நினைத்துப் போகாதீர்கள்.

காலேஜ் படித்தேன் என்று சொல்வது

அமெரிக்காவில் பட்டப்படிப்பு முழுவதையும் காலேஜ் என்பார்கள். இங்கே காலேஜ் என்றால் பெரும்பாலும் டிப்ளமோவும் தொழிற்பயிற்சியும் தரும் இடம். நேர்காணலில் பொறியியல் பட்டதாரி "காலேஜ் முடித்தேன்" என்றால், கேட்பவர் டிப்ளமோ என்று குறித்துக்கொள்வார். யூனிவர்சிட்டி என்றே சொல்லுங்கள்.

கூட்டத்தில் "டேபிள்" பண்ணுவது

அமெரிக்கர் ஒரு விஷயத்தை டேபிள் பண்ணலாம் என்றால் தள்ளிப்போடுவோம் என்று பொருள். கனடாக்காரர் சொன்னால் இப்போதே பேச எடுப்போம் என்று பொருள். ஒரே அழைப்பில் இருவரும் இருந்தால் நடுவில் புகுந்து கேட்டுவிடுங்கள்.

அளவுகள்

சாலை கிலோமீட்டரில், வானிலை செல்சியஸில். ஆனால் அடுப்பின் சூடு ஃபாரன்ஹீட்டில், ஆள் உயரம் அடியில், எடை பவுண்டில். பெரியவர்கள் கேலன் என்றால் அது 4.546 லிட்டர். அமெரிக்க கேலன் 3.785தான்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 1983 ஜூலை 23ஐ நினைவூட்டுவேன். கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவை. கணக்கில் பவுண்டுக்கான எண்ணைப் போட்டுவிட்டதால் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்று, மனிட்டோபாவின் கிம்லியில் பழைய விமானப்படைத் தளம் ஒன்றில் மிதந்து வந்து இறங்கியது. எல்லோரும் பிழைத்தார்கள். எடை எழுதும்போது எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதுங்கள்.

"நேட்டிவ் அமெரிக்கன்"

இங்கே பூர்வகுடி மக்களை அப்படிச் சொல்வதில்லை. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுவிட், மெட்டீ என்று மூன்று தனித்தனி மக்கள். தமிழில் நாம் பேச்சுவாக்கில் சொல்லும் "செவ்விந்தியர்" என்பதையும் விட்டுவிடுங்கள். அவர்களோடு வேலை செய்யும்போது அந்தச் சமூகத்தின் சொந்தப் பெயரைக் கேட்டு, அதையே பயன்படுத்துங்கள்.

ரெகுலர் காபி

டிம் ஹார்ட்டன்ஸில் கேட்டால் ஒரு க்ரீம், ஒரு சர்க்கரை போட்டே வரும்.

இசட்

ஆங்கிலத்தின் கடைசி எழுத்துக்கு அமெரிக்கர்களின் "ஸீ" வேண்டாம். பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்த இசட்தான் இங்கே சரி.

தேங்க்ஸ்கிவிங்

இந்த விடுமுறை இங்கே அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை. நவம்பர் நான்காம் வியாழன் இங்கே வேலை நாள், ஆனால் அன்று பாலத்துக்கு அந்தப் பக்கம் கிடங்குகள் மூடியிருக்கும். இரண்டையும் இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள், மாதத்தின் பெயரோடு.