எறிபொருள் கணக்கு போடுவது எப்படி? இரண்டு பத்தி, ஒரே நேரம்

எறிபொருள் கணக்கில், அதாவது எறியப்பட்டபின் புவியீர்ப்பால் மட்டுமே இயங்கும் பொருளின் கணக்கில், தடுமாறும் பலருக்கும் சூத்திரங்கள் மனப்பாடமாகவே தெரியும். எதை எங்கே போடுவது என்பதில்தான் சறுக்குகிறார்கள். கிடைமட்டத்தில் நடப்பது வேறு, செங்குத்தில் நடப்பது வேறு. ஒன்று மற்றொன்றைப் பாதிக்காது, இரண்டுக்கும் பொதுவானது நேரம் மட்டுமே. கணக்கு போடும் முறை முழுவதும் இந்த ஒன்றிலிருந்தே வருகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 15 மீ உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து 20 மீ/வி வேகத்தில், கிடைமட்டத்துக்கு 30° மேல்நோக்கி எறியப்படுகிறது. அது எவ்வளவு தூரம் தள்ளி, எந்த வேகத்தில் தரையில் விழும்? காற்றுத் தடை இல்லை. புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி².

படி 1: படமும் குறியும். சின்னதாக ஒரு படம் போடுங்கள். எறியும் இடமே தொடக்கப் புள்ளி, மேல்நோக்கி நேர்க்குறி. அப்படியானால் முடுக்கம் −10, தரை இருப்பது −15-இல். ஒருமுறை முடிவு செய்தபின் கடைசிவரை குறியை மாற்றாதீர்கள்.

படி 2: திசைவேகத்தைப் பிரிப்பது.
கிடைமட்டக் கூறு = 20 × கொசைன் 30° = 17.32 மீ/வி
செங்குத்துக் கூறு = 20 × சைன் 30° = 10 மீ/வி

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து கொடுத்திருந்தால் சைனும் கொசைனும் இடம் மாறும். கால்குலேட்டர் பாகைக்குப் பதிலாக ரேடியன் என்ற கோண அலகில் இருந்தால் சைன் 30-க்கு −0.988 என்று காட்டும். மேலே எறிந்த பந்துக்குக் கீழ்நோக்கிய வேகம் வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

படி 3: இரண்டு பத்தி. தாளின் நடுவே ஒரு கோடு கிழியுங்கள்.

இடப்பக்கம், கிடைமட்டம்: வேகம் 17.32, முடுக்கம் 0, தூரம் தெரியாது.
வலப்பக்கம், செங்குத்து: தொடக்க வேகம் +10, முடுக்கம் −10, இடப்பெயர்ச்சி −15.

கோட்டின் மேலேயே "நேரம்" என்று எழுதுங்கள். இரு பக்கத்துக்கும் அது ஒன்றே. வலப்பக்கத்தில் மூன்று மதிப்புகள் தெரிவதால் அங்கிருந்து தொடங்கலாம்.

படி 4: நேரம்.
இடப்பெயர்ச்சி = தொடக்க வேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்²
−15 = 10 × நேரம் − 5 × நேரம்²

5-ஆல் வகுத்து ஒழுங்குபடுத்தினால்: நேரம்² − 2 × நேரம் − 3 = 0. விடைகள் 3, −1. நமக்கு வேண்டியது 3 வினாடி. −1-க்கும் பொருள் உண்டு: பாதையைப் பின்னோக்கி நீட்டினால், எறிவதற்கு ஒரு வினாடி முன்பு பந்து தரை மட்டத்தில் இருந்திருக்கும்.

படி 5: மீதி. தூரம் = 17.32 × 3 ≈ 52 மீ. விழும்போது செங்குத்து வேகம் = 10 − 30 = −20. மொத்த வேகம் = √(17.32² + 20²) ≈ 26.5 மீ/வி. ஆற்றல் அழிவின்மை வழியே சரிபார்க்கலாம்: 20² + 2 × 10 × 15 = 700; அதன் வர்க்கமூலமும் 26.5தான்.

இதே கணக்குக்கு 34.6 மீ என்ற விடையும் அடிக்கடி வரும். கிடைமட்டத் தூரத்தை ஒரே வரியில் தரும் நெடுக்கச் சூத்திரத்தில் (வேகம்² × சைன் 60° ÷ 10; 60° என்பது 30°-இன் இரு மடங்கு) நேரடியாகப் போட்டதன் விளைவு அது. எறிந்த மட்டத்திலேயே பொருள் வந்து விழுந்தால்தான் அந்தச் சூத்திரம் செல்லும். இங்கே 34.6 மீ என்பது, 2 வினாடியில் பந்து மறுபடி கட்டடத்தின் உச்சி மட்டத்தைத் தொடும் இடம். அதற்குக் கீழே இன்னும் 15 மீ இருக்கிறது.

இன்னொரு பிழை, பாதையின் உச்சியில் வேகம் சுழியம் என்று எழுதுவது. அங்கே செங்குத்து வேகம் மட்டுமே சுழியம். கிடைமட்டத்தில் 17.32 அப்படியே இருக்கிறது, முடுக்கமும் −10 ஆகவே இருக்கிறது.

45°-இல் எறிந்தால்தான் அதிக தூரம் போகும் என்பதும் சமதளத்துக்கு மட்டுமே பொருந்தும். இதே பந்தை 45°-இல் எறிந்து, அதே ஐந்து படிகளில் போட்டுப் பாருங்கள்: 51.6 மீ வரும், 30°-ஐ விடச் சற்றுக் குறைவு. இந்த உயரத்துக்கும் வேகத்துக்கும் மிக அதிக தூரம் கிடைப்பது ஏறக்குறைய 37°-இல், 52.9 மீ.