பெரிய தலையா, சின்னத் தலையா? புதியவர்கள் கோல்ஃப் டிரைவர் தேர்ந்தெடுக்கும் முறை

ஓசூர் பக்கம் கோல்ஃப் பழக வருகிறவர்கள் ஸ்விங்கைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, பந்தை நெடுந்தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். "அண்ணா, 460 வாங்கலாமா, இல்லை இப்போ வர்ற மினி டிரைவர் வாங்கலாமா?" நியாயமான கேள்விதான். பையில் இருக்கும் மட்டைகளிலேயே விலை கூடியது பெரும்பாலும் டிரைவர்தான். தவறானதை வாங்கிவிட்டால் ஒரு வருடம் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். உங்கள் மட்டை முகத்தில் பந்து எங்கே படுகிறது என்று முதலில் பாருங்கள், அப்புறம் தலையின் அளவை முடிவு செய்யுங்கள். இதற்குப் பெங்களூர் வரை போக வேண்டாம். கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ வீட்டுத் தோட்டத்தில் ஒரு வலை கட்ட இடம் இருந்தால் போதும். வலது கைக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

படி 1: அந்த எண் எதைச் சொல்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

460 என்பது தலையின் கன அளவு, கன சென்டிமீட்டரில். சிசி என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குப் பைக் எஞ்சின்தான் நினைவுக்கு வரும். எஞ்சினில் சிசி கூடினால் பொதுவாகச் சக்தியும் கூடும். டிரைவரில் அப்படி இல்லை. 300 சிசி தலையும் 460 சிசி தலையும் முகத்தின் நடுவில் பந்தைச் சந்தித்தால், பந்து கிளம்பும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. முகம் எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு விதியிலேயே தனி வரம்பு இருக்கிறது.

வித்தியாசம் தெரிவது நடுவை விட்டு விலகிப் படும்போதுதான். ஏறக்குறைய எல்லா டிரைவர் தலைகளும் 200 கிராமை ஒட்டித்தான் இருக்கும். அதே 200 கிராமைப் பெரிய கூட்டில் பரப்பினால், எடை நடுவிலிருந்து தள்ளித் தள்ளி உட்காரும். அப்படிப் பரவிய தலை, ஓரத்தில் பந்து பட்டாலும் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. சின்னத் தலையில் எடை நடுவுக்கு அருகிலேயே குவிந்திருப்பதால், ஓரத்தில் பட்ட உடனே தலை திரும்பிவிடும். வேகமும் போய்விடும், திசையும் போய்விடும். பெரிய தலை மன்னிக்கிறது என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏவும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏவும் 460 சிசியை உச்சவரம்பாக வைத்திருக்கின்றன. அளவிடும்போது வரும் பிசகுக்காக இன்னும் 10 சிசி விட்டுக்கொடுக்கிறார்கள். குதி முனையிலிருந்து (தண்டை ஒட்டிய பக்கம்) விரல் முனை வரை (எதிர்ப்பக்கம்) அகலம் 5 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. உயரம் 2.8 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. தலை எவ்வளவு முறுக்கை எதிர்க்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு.

இந்த அளவுகள் எல்லாம் சமீபத்தில் வந்தவைதான். 1991-ல் கேலவே நிறுவனம் பிக் பெர்த்தா என்ற டிரைவரைக் கொண்டுவந்தபோது அதன் தலை 190 சிசி. அதையே அன்று ராட்சதத் தலை என்றார்கள். 1995-ல் டைட்டானியத்தில் வந்த கிரேட் பிக் பெர்த்தா ஏறக்குறைய 250 சிசி. எஃகைவிட டைட்டானியம் எடை மிகக் குறைவு என்பதால், அதே 200 கிராமில் மெல்லிய சுவரோடு பெரிய கூடு செய்ய முடிந்தது. இன்று 'சின்னத் தலை' என்று விற்கும் மினி டிரைவர்கள் 300 சிசியை ஒட்டியவை. 1995-ல் அதை வாங்கியிருந்தால் கிளப்பிலேயே பெரிய தலை உங்களுடையதாக இருந்திருக்கும்.

படி 2: கையில் இருப்பதை அளந்து பாருங்கள்

நம் பக்கம் பலருக்கு முதல் டிரைவர் யாரோ கொடுத்ததாகத்தான் இருக்கும். மேலதிகாரி ஓய்வு பெறும்போது கொடுத்த பழைய செட், வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்தது, இப்படி. அதில் அளவு அழிந்துபோயிருக்கும், அல்லது எழுதியே இருக்காது. கவலை வேண்டாம், சமையலறைத் தராசு இருந்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம்.

வாய் அகலமான ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் தலை முழுதாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் எடுங்கள். தராசின் தாங்கும் எடையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யம் ஆக்குங்கள். தலையில் திருகுத் துளைகள் இருந்தால் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். இப்போது தண்டைக் கையில் பிடித்தபடி தலையை மட்டும் தண்ணீருக்குள் இறக்குங்கள். அடியையும் பக்கத்தையும் தொடக்கூடாது. உள்ளே காற்று இருப்பதால் தலை மிதக்கத்தான் பார்க்கும். அழுத்திப் பிடியுங்கள், அந்த அழுத்தம் கணக்கைக் கெடுக்காது. தராசு இப்போது எத்தனை கிராம் காட்டுகிறதோ, ஏறக்குறைய அத்தனை சிசி. விலகிய தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம், அவ்வளவுதான் கணக்கு. தண்டு இணையும் கழுத்தும் கொஞ்சம் மூழ்குவதால் சில சிசி கூடுதலாகக் காட்டும். நமக்குத் தெரிய வேண்டியது 250-ஆ, 350-ஆ, 450-ஆ என்பதுதான். அதற்கு இந்தத் துல்லியம் தாராளம்.

முடிந்ததும் நன்றாகத் துடைத்து, நிழலில் காய வையுங்கள். மரத்தலை வைத்த பழைய டிரைவர் என்றால் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், மரம் ஊதிவிடும்.

படி 3: பந்து படும் இடத்தைப் பிடியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. நேரம் இல்லை என்றால் மற்றதை விட்டுவிட்டாவது இதை மட்டும் செய்யுங்கள்.

பயிற்சி மைதானத்துக்குப் போக முடிகிறவர்கள் அங்கேயே செய்யலாம். ஓசூரை அடுத்து க்ளோவர் கிரீன்ஸ் மைதானம் இருக்கிறது. ஓசூர்க்காரர்கள் பெங்களூருக்கும் போய் வருகிறார்கள். பாலக்கோட்டிலிருந்தோ அரூரிலிருந்தோ ஒவ்வொரு வாரமும் வர முடியாது என்பவர்கள் தோப்பில் வலை கட்டிக்கொள்ளுங்கள். பந்து எங்கே போகிறது என்பது இந்தச் சோதனைக்குத் தேவையே இல்லை. முகத்தில் எங்கே பட்டது என்பது மட்டும் தெரிந்தால் போதும், அதனால் வலையே போதும்.

வலை விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். கோல்ஃப் பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டர்தான். கிரிக்கெட் வலையின் கண் வழியே புகுந்து போய்விடலாம். பசுமைக் குடிலுக்குப் போடும் நிழல்வலை அடியைத் தாங்காது, கிழிந்துவிடும். கண் சின்னதாக உள்ள கெட்டியான வலையை எடுத்து, அதற்கு முன்னால் பழைய கனத்த ஜமுக்காளத்தைத் தொளதொளவென்று தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் பந்து திரும்பி உங்கள் மேலேயே வரும். வலைக்குப் பின்னால் பாதையோ, மாடு கட்டும் இடமோ, பிள்ளைகள் விளையாடும் இடமோ இருக்கக்கூடாது.

இனி சோதனை. பள்ளிக்கூடச் சாக்பீஸைப் பொடித்து, துளி தண்ணீரில் குழைத்து முகம் முழுக்க மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். அல்லது வெள்ளைப்பலகை மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு பெரிய புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மட்டையைப் பார்க்கும்படி டீயில், அதாவது பந்தைத் தாங்கும் சின்ன ஆணியில், வையுங்கள். அடித்ததும் புள்ளி முகத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்துப் பந்து அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு படம் எடுத்துவிட்டுத் துடையுங்கள். பிறகு ஒரு தாளில் முகத்தின் உருவத்தை வரைந்து பத்து இடங்களையும் குறியுங்கள். நல்ல அடியை மட்டும் குறித்து மோசமானதை விட்டுவிடும் ஆசை வரும். பத்தையும் குறியுங்கள், மோசமானதுதான் நமக்குத் தகவல்.

இரண்டு வெவ்வேறு நாளில் செய்தால் இன்னும் நல்லது. முதல் நாள் உற்சாகமும் மறுநாள் முதுகுவலியும் வேறு வேறு படம் காட்டும்.

படி 4: குறிகளைப் படியுங்கள்

ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். தாளில் முகத்தை உண்மையான அளவில் வரைந்திருந்தால், குறிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் நாணயத்தை வைத்துப் பாருங்கள்.

பத்தில் ஏழு குறிகள் நாணயத்துக்குள் அடங்கினால் நீங்கள் நன்றாக அடிக்கிறீர்கள். சின்னத் தலையை யோசிக்கலாம். நாலைந்துதான் அடங்குகிறது, மீதி நாலாபக்கமும் சிதறுகிறது என்றால் கேள்வியே இல்லை, 460 எடுங்கள். இது நானே வைத்துக்கொண்ட அளவுகோல், விதிப்புத்தகத்தில் இருப்பதல்ல. ஆனால் பழகத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகையில்தான் வருவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தொலைக்காட்சியில் பார்க்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே மிகப் பெரும்பாலோர் 430-லிருந்து 460 வரைதான் வைத்திருக்கிறார்கள்.

குறிகள் நெருக்கமாக இருந்தும் இடம் தவறியிருந்தால் கதை வேறு. எல்லாம் குதிப் பக்கம், அதாவது தண்டை ஒட்டிய பக்கம் குவிந்தால், பந்தோடு நெருங்கி நிற்கிறீர்கள் அல்லது அடிக்கும்போது முன்னால் சாய்கிறீர்கள். அந்தப் பக்கம் பட்ட பந்து வலப்பக்கம் வளையும் சுழற்சி எடுக்கும். விரல் முனைப் பக்கம் பட்டால் இடப்பக்கம் வளையும். டிரைவர் முகம் தட்டையாக இல்லாமல் லேசாகப் புடைத்திருப்பதே இந்த வளைவைச் சமாளிக்கத்தான். இப்படி ஒரே பக்கம் குவிபவர்கள் புது மட்டை வாங்கும் முன் பயிற்சியாளரிடம் அரை மணி நேரம் செலவழியுங்கள். தலையின் அளவு இதைச் சரிசெய்யாது.

இன்னொன்று. ஆடி மாதத்தில் மைதானத்தில் பந்து பறப்பதைப் பார்த்து மட்டையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தக் காற்றில் நல்ல அடியும் எங்கோ போய் விழும். சாக்பீஸ் குறியைக் காற்று மாற்றாது.

படி 5: சின்னத் தலை உங்களுக்கு எங்கே உதவும்

சின்னத் தலை எனக்குப் பிடிக்கும், ஆனால் அது ஒரு குறிப்பிட்ட வேலைக்கான கருவி. மினி டிரைவரின் தண்டு வழக்கமான டிரைவரைவிட ஒன்றரை, இரண்டு அங்குலம் குட்டையாக இருக்கும். லாஃப்டும், அதாவது முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணமும், கொஞ்சம் கூடுதல். டீ இல்லாமல் புல்லிலிருந்தே அடிக்கவும் பழகிக்கொள்ளலாம். ஃபேர்வே, அதாவது குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்வெளி, ஒடுக்கமாக இருந்து இருபக்கமும் மரமோ தண்ணீரோ இருக்கும் இடத்தில், தூரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் திசையை வாங்கிக்கொள்கிறவர்களுக்கு அது அருமை.

ஆனால் கவனியுங்கள், அந்தத் திசை பெரும்பாலும் குட்டைத் தண்டினாலும் கூடுதல் லாஃப்டினாலும் வருவது. தலை சின்னதாக இருப்பதால் வருவதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எனவே மினி வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். கையில் இருக்கும் பெரிய டிரைவரை ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து, சாக்பீஸ் சோதனையை மறுபடி செய்யுங்கள். குறிகள் நடுவுக்கு வந்துவிட்டால் உங்களுக்குத் தேவைப்பட்டது குட்டைத் தண்டுதான். பணம் மிச்சம்.

படி 6: லாஃப்ட், டீ உயரம்

புதியவர்கள் 10.5 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம். வேகம் குறைவாக இருப்பவர்களுக்கு 12 இன்னும் நல்லது. தண்டு ரெகுலர் என்ற வகை, அல்லது அதைவிட எளிதாக வளைந்துகொடுக்கும் வகை. பெரிய தலைக்கு டீயில் வைத்த பந்தின் பாதி தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். சின்னத் தலைக்கு டீயை இன்னும் இறக்குங்கள். அதே உயரத்தில் வைத்தால் பந்து மேல்விளிம்பில் பட்டு வானத்தைப் பார்த்துப் போகும், தலையின் மேல் பெயின்ட்டும் கீறிவிடும்.

சென்னை நண்பர்கள் சொல்லும் தூரத்தோடு உங்கள் தூரத்தை ஒப்பிட வேண்டாம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று லேசு. அங்கே 200 கஜம் போகும் அடி இங்கே ஐந்தாறு கஜம் கூடுதலாகப் போகலாம். புது மட்டையால் வந்த தூரம் என்று அதை எண்ணிவிடாதீர்கள்.

படி 7: பழையது வாங்கும்போது

முதல் டிரைவரைப் பழையதாக வாங்குவதில் தவறே இல்லை. நான்கைந்து வருடத்துக்கு முந்தைய 460 சிசி தலை ஒரு புதியவருக்கு எந்தக் குறையும் வைக்காது. வாங்கும் முன் தலையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே கலகலவென்றால் பசை பெயர்ந்திருக்கலாம். முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கோடுகளை ஒட்டி மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். டைட்டானியம் என்று சொல்லி விற்றால் ஒரு காந்தத்தை முகத்தில் வைத்துப் பாருங்கள். டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது, ஒட்டினால் அது எஃகு. எடைத் திருகுகளின் மேல் வைத்துச் சோதிக்காதீர்கள், அவை வேறு உலோகமாக இருக்கும். அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது என்பதால், ஒட்டவில்லை என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் நம்பிவிட வேண்டாம்.

போட்டிகளில் ஆடும் எண்ணம் இருந்தால், அந்த மாடலும் அதே லாஃப்டும் அனுமதிக்கப்பட்ட டிரைவர் தலைகளின் பட்டியலில் இருக்கிறதா என்று யுஎஸ்ஜிஏ இணையதளத்தில் தேடிவிட்டு, பிறகு பணம் கொடுங்கள்.