அம்மாவின் பிரஷர் மாத்திரைச் செலவைக் குறைத்தது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பக்கத்துத் தெரு டாக்டரிடம்தான் அம்மா மாதா மாதம் பிரஷருக்குப் போவார். ஒவ்வொரு தடவையும் கன்சல்டேஷன் காசு, அப்புறம் விலை கூடிய அதே பிராண்ட் மாத்திரை, பென்ஷன் அதிலேயே கரைந்தது. ஒருநாள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பிராண்ட் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர்: அம்லோடிபின் 5 மி.கி.

பார்மசியில் விசாரித்தேன். தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் ஒரு மருந்துக்கு உற்பத்தியாளர் விலை எல்லாக் கடைக்கும் ஒன்றுதான், அதனால் கடை கடையாக ஏறி இறங்கிப் பெரிய பயனில்லை, மிச்சம் பிடிக்க ஜெனரிக், அதாவது அதே மருந்தை வேறு கம்பெனி மலிவாகச் செய்வது, அதுதான் வழி. மலிவான ஜெனரிக் இருந்தால் பார்மசிஸ்ட் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம், ஆனால் டாக்டர் 'மாற்றக் கூடாது' என்று கைப்பட எழுதிவிட்டால் பார்மசிஸ்டால் மாற்ற முடியாது. அம்மாவின் சீட்டு மூலையில் அது கிறுக்கலாக இருந்தது! இத்தனை நாள் கவனிக்கவில்லையே என்று வயிறு எரிந்தது.

மறுநாளே டாக்டரிடம் நேராகக் கேட்டேன்: "ஜெனரிக் எழுதித் தருவீர்களா, அதே சீட்டில் மாதா மாதம் மருந்து வாங்க ஆறு மாதத்துக்கு ரிப்பீட்டும் போடுவீர்களா?" சரி என்று மறுபேச்சில்லாமல் எழுதித் தந்தார். இப்போது அம்மா வருஷத்துக்கு இரண்டு தடவைதான் அவரிடம் போகிறார், நடுவில் பிரஷரைப் பார்மசியிலேயே பார்த்துக்கொள்கிறோம்.