பழைய ஹிமாலயனா, புது ஹிமாலயனா: வருஷம் பார்த்து பைக் எடுப்பது எப்படி?

"மாமா, கோயம்புத்தூர்ல ஒரு ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் வந்திருக்கு. 2020 மாடல், பி.எஸ். 6. ஓடினது வெறும் இருபதாயிரம்தான்." ஈரோட்டிலிருந்து மச்சினன் போன் செய்தபோது அவன் பாதி மனசு ஏற்கெனவே வால்பாறை போய்ச் சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். வண்டி பளபளவென்று நின்றது. ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன். பதிவான தேதி 2020 பிப்ரவரி. தயாரான மாதம் 11/2019. அதற்குக் கீழே, புகை மாசு விதி பாரத் ஸ்டேஜ் 4, அதாவது பி.எஸ். 4.

"ரிஜிஸ்ட்ரேஷன் 2020 தானே சார்?" என்றார் கடைக்காரர். அதுவும் பொய் இல்லை. 2020 மார்ச் கடைசி வரை பி.எஸ். 4 வண்டிகளும் ஷோரூமில் விற்றன, ஜனவரியிலேயே பி.எஸ். 6 ஹிமாலயனும் வந்துவிட்டது. அந்த மூன்று மாதத்தில் "2020 மாடல்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வண்டிகள் ரோட்டில் இறங்கின.

முதல்முறையாக டூரிங் பைக் எடுக்கிறவர்கள் வருஷத்தை வயசு மாதிரி பார்க்கிறார்கள். ஒரு வருஷம் புதுசென்றால் ஒரு வருஷம் நல்லது என்று கணக்கு. வயல்காட்டில் வரப்பு இருப்பதுபோல ஒரு மாடலின் வாழ்நாளிலும் இரண்டு மூன்று வரப்புகள் உண்டு. ஒரே வரப்புக்குள் 2021-ம் ஒன்றுதான், 2022-ம் ஒன்றுதான். வரப்பைத் தாண்டினால் ஒரே மாத இடைவெளியில்கூட வேறு வண்டி. எனக்கு நன்றாகத் தெரிந்த ஹிமாலயனை வைத்தே சொல்கிறேன். வேறு பைக் பார்க்கிறவர்களுக்கும் முறை இதுதான்.

படி 1: வரப்புகளைத் தாளில் எழுதுங்கள்

2016: 411 சிசி, ஏர்–ஆயில் கூலிங், கார்புரேட்டர், பி.எஸ். 3. பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கிடையாது.

2017: பி.எஸ். 4 வந்தது, கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. பெரிய வரப்பு இது. மலையில் ஏற ஏறக் காற்று மெலியும். கார்புரேட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் அதே பெட்ரோலை ஊற்றும், வண்டி திணறும். இன்ஜெக்ஷன் தானே அளவைக் குறைத்துக்கொள்ளும். ஊட்டிக்கு இது பெரிய விஷயமில்லை, லடாக் போனால் தெரியும்.

2018-ன் பிற்பாதி: இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ்.

2020 ஜனவரி: பி.எஸ். 6. கூடவே பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை மட்டும் அணைக்கும் பட்டன், நாலு இண்டிகேட்டரையும் சேர்த்து எரியவிடும் ஹஸார்ட் சுவிட்ச். ஹேண்டில்பாரில் இந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். மச்சினன் பார்த்த வண்டியில் அது இல்லை.

2021: வழிகாட்டும் டிரிப்பர் டயல், மாற்றப்பட்ட சீட், காற்றைத் தடுக்கும் முன்கண்ணாடி, கேரியர். இஞ்சின் அதேதான். இது வரப்பு இல்லை, வரப்பு ஓரத்துப் புல்.

2023 நவம்பர்: 450. பெயர் மட்டும்தான் பழசு. 452 சிசி லிக்விட் கூலிங் இஞ்சின், ஆறு கியர், ரைடு–பை–வயர் (கேபிளுக்குப் பதில் மின்சாரத்தில் வேலை செய்யும் ஆக்சிலரேட்டர்), முன்சக்கரத்துக்குத் தலைகீழ் ஃபோர்க், போன் மேப்பைக் காட்டும் வட்டத் திரை.

தாளில் எழுதியதும் ஒரு கோடு போடுங்கள். புதிதாக ஓட்டுகிறவர் ஏ.பி.எஸ். இல்லாத வண்டி எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. மழை பெய்த மலைப்பாதையில் திடீரென்று மாடு குறுக்கே வரும்போது பிரேக்கை அளந்து பிடிக்கக் கை பழகியிருக்காது. அதனால் 2018 கடைசிக்கு முந்தையது விலை எவ்வளவு இறங்கினாலும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 2016 வண்டி, தானே ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவருக்கு.

படி 2: போகப்போகிற ரோட்டை எழுதுங்கள்

கனவில் போகும் ரோட்டை எழுத வேண்டாம். போன வருஷம் உண்மையில் எங்கே போனீர்கள்? மச்சினன் யோசித்துச் சொன்னான்: ஏற்காடு இரண்டு தடவை, கொல்லிமலை ஒரு தடவை, சென்னைக்கு நாலு தடவை.

பழைய ஹிமாலயனான 411 சுமார் 24 குதிரைத்திறன், புது 450 சுமார் 40. காகிதத்தில் பெரிய இடைவெளி. ரோட்டில் அது எங்கே தெரியும் என்றால், நாலுவழிச் சாலையில் லாரியை முந்தும்போது. 411 தொண்ணூறு வரை நிம்மதியாகப் போகும், அங்கிருந்து முறுக்கினால் யோசித்துத்தான் எழும்பும். 450-ல் அந்த யோசனை இல்லை. ஆனால் மத்திய அரசின் 2018 அறிவிப்புப்படி நாலுவழிச் சாலையில் பைக்குக்கு உச்ச வரம்பே 80 கிலோமீட்டர்தான் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் கதை திரும்பும். 411-ன் இழுவை இஞ்சின் நிமிஷத்துக்கு 4,000 சுற்றுக்குப் பக்கத்திலேயே முழுதாகக் கிடைத்துவிடும். இரண்டாவது கியரில் விட்டால் எருமை மாதிரி நிதானமாக ஏறும். 450-க்கு உச்ச இழுவை 5,500-ல். சுற்று இறங்கினால் ஒரு கியர் குறைக்கணும். பழகினால் சரியாகிவிடும், பழகும் வரை வளைவில் இஞ்சின் அணைந்துபோய் பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிப்பார்.

மாதம் ஒருமுறை நானூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலை, பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டி என்றால் யோசிக்காமல் 450. சனிக்கிழமை மலை, ஞாயிறு வீடு என்றால் 411 போதும்.

படி 3: உட்கார்ந்து பாருங்கள்

411-ன் சீட் உயரம் 800 மி.மீ., 450-ன் சீட் 825, அதை 845 வரை ஏற்றிக்கொள்ளலாம். இரண்டரை சென்டிமீட்டரில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஐந்தடி நாலு அங்குல மச்சினனுக்கு 411-ல் இரண்டு பாதத்தின் முன்பகுதியும் தரையில் பட்டது, 450-ல் விரல் நுனிதான். வீட்டிலிருந்து ரைடிங் ஷூ போட்டுக்கொண்டு போங்கள், செருப்போடு போய் அளக்காதீர்கள். உட்கார்ந்தபடி பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். இரண்டுமே இருநூறு கிலோவுக்கு ஒட்டியவை, சரிவில் நிறுத்தி எடுக்கும்போது அந்த எடை முழுக்க உங்கள் கால் விரலில்தான்.

படி 4: காகிதம்

ஆர்.சி.யில் மூன்று இடம்: தயாரான மாதம்–வருஷம், மாசுக் கட்டுப்பாட்டு நிலை, கடன் குறிப்பு. கடன் இருந்தால் வங்கியின் ஆட்சேபணையில்லாச் சான்றான என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-ம் கையில் வராமல் முன்பணம் தராதீர்கள். சேசிஸ் நம்பரை வண்டியில் குனிந்து படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், போட்டோவைப் பார்த்து அல்ல.

இன்சூரன்ஸில் ஒரு நுணுக்கம். 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதாவது 2019, 2020 வண்டிகளுக்கு அந்த ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. "இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்றால், எதற்கு இருக்கிறது, எது வரை என்று கேளுங்கள்.

படி 5: இரும்பு

போனதும் முதல் வேலை, கையை இஞ்சின் பக்கம் கொண்டுபோங்கள். சூடு அடித்தால் உங்களுக்காக முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குப் போன எங்களுக்கே அனல் அடித்தது. டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பி, ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தோம். ஆறிய இஞ்சின்தான் உண்மை பேசும்.

டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 4019 என்றால் 2019-ன் நாற்பதாவது வாரம். "இருபதாயிரம் ஓடின" அந்த வண்டியின் பின் டயர் 1423. இருபதாயிரத்துக்குள் ஒரு டயர் தேய்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஃபுட்பெக் ரப்பரும் ஹேண்டில் கிரிப்பும் மழுங்கிப்போய், பிரேக் டிஸ்க் ஓரத்தில் நகம் தட்டுகிற அளவுக்கு விளிம்பு எழும்பியிருந்தது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மீட்டர் சொல்வது ஒன்று, வண்டி சொல்வது ஒன்று.

அடுத்து நடுஸ்டாண்டில் போட்டு, ஒருவர் பின்னால் அழுத்த, முன்சக்கரம் தரையை விட்டு எழும்பட்டும். ஹேண்டிலை ஒரு விரலால் இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்தமாதிரி 'டொக்' என்று நின்றால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், போய்விட்டது. மோசமான ரோட்டில் நிறைய ஓடின எந்த வண்டியிலும் இதைப் பார்க்கலாம். சரிசெய்துவிடலாம், ஆனால் விலையில் குறைக்க வேண்டும். ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம், தளர்ந்த ஸ்போக், பின் ஸ்ப்ராக்கெட்டில் சுறாப்பல் மாதிரி சாய்ந்த பற்கள், பெட்டி மாட்டின இடத்தில் ஃப்ரேம் வெல்டிங். இவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள்.

450-ல் பழையது பார்க்கிறவர்களுக்கு ஒரு உள்வரப்பு: ஆரம்பத்தில் வந்தவை ட்யூப் உள்ள ஸ்போக் சக்கரம். ட்யூப்லெஸ் ஸ்போக் 2024-ல்தான் கூடுதல் காசுக்குக் கிடைக்கத் தொடங்கியது. ராத்திரி பதினோரு மணிக்குப் பின்சக்கரத்தில் ஆணி ஏறினால், ட்யூப்லெஸ்ஸில் ஐந்து நிமிஷம், ட்யூபில் சக்கரத்தையே கழற்றணும். எனக்கு வருஷத்தைவிட இந்த ஒன்றுதான் பெரிது. 411-ல் எல்லாமே ட்யூப், அதனால் உதிரி ட்யூபும் லீவரும் பையில் இருக்கட்டும்.

படி 6: கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 31. தமிழ்நாட்டில் லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது பைக்குக்கு ஆயுள்கால வரி 12 சதவீதம். ஆகவே புது 450 ரோட்டுக்கு வரும்போது மூன்றரை லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். பழைய வண்டியில் இந்த வரியை முதல் ஆளே கட்டிவிட்டார்.

அதற்காக பழைய வண்டி விலையையே முழு விலை என்று நினைக்காதீர்கள். எடுத்த வாரமே இரண்டு டயர், செயின் செட், பிரேக் பேடு, ஆயில், கோன்செட் என்று இருபத்தைந்தாயிரம் ஒதுக்கி வையுங்கள். மிச்சமானால் முதல் ட்ரிப்புக்குப் பெட்ரோல். பெட்ரோல் என்றதும் ஞாபகம் வருகிறது: 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பாகங்கள் கட்டாயமானது 2023 ஏப்ரலிலிருந்து. அதற்கு முந்தைய வண்டியில் பெட்ரோல் ஹோஸ்களையும் ரப்பர்களையும் மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சர்வீஸ் விஷயத்தில் 411-ஐக் கிராமத்து மெக்கானிக்கும் பிரிப்பார். 450-ஐத் தொடவே கம்ப்யூட்டர் மாட்டணும் என்பார். உங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்பதும் இந்தக் கணக்கில் ஒரு வரி.

படி 7: ஓட்டிப் பாருங்கள், ஆள் ஏற்றி

தனியாகத் தெருவைச் சுற்றுவது போதாது. பின்னால் ஒருவரை ஏற்றி இருபது நிமிஷம், கொஞ்சம் மேடு, கொஞ்சம் பள்ளம். காலி ரோட்டில் அறுபதில் ஹேண்டில் நேராக நிற்கிறதா? நிறுத்தி, சிக்னலில் நியூட்ரல் விழுகிறதா?

மச்சினன் அந்த நவம்பர் 2019-ஐ விட்டுவிட்டான். மூன்று வாரம் கழித்து திருப்பூரில் 2021 வண்டி ஒன்று, நாற்பத்திரண்டாயிரம் ஓடியது, சர்வீஸ் பில் எல்லாம் ஃபைலில் போட்டு வைத்திருந்த ஒரு வாத்தியாருடையது. மீட்டர் இரண்டு மடங்கு, விலை ஏறக்குறைய அதே. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றிய பதினாலு நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்றினோம். கிளம்பும்போது வாத்தியார் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே உதிரி கிளட்ச் கேபிள், முன் ட்யூப், இரண்டு லீவர்.