சளி மாத்திரை அட்டை

அப்பாவுக்கு 66 வயது. பத்து நாளாக ராத்திரி அஞ்சு தடவை எழுந்தார். சிறுநீர் நூல் மாதிரிதான் வந்தது. மேலூரிலிருந்து மதுரைக்குக் கூட்டிப்போய் முதலில் பார்த்தது நெப்ராலஜிஸ்ட்டை, அதாவது கிட்னி நோய்களை மருந்தால் கவனிப்பவரை. 'கிட்னி டாக்டர்' என்றால் எல்லாம் ஒன்றுதான் என நினைத்தது என் தப்பு. கிட்னி வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு சரியாக இருக்கிறது, சிறுநீர்ப் பாதைக் கோளாறுகளைப் பார்க்கும் யூராலஜிஸ்ட்டைப் பாருங்கள் என்றார். அடுத்து, பெயர்ப்பலகையில் அந்தத் துறையின் மேற்படிப்பான எம்.சிஎச். யூராலஜி என்று இருக்கிறதா எனப் பார்த்துப் போனோம்.

அங்கே சிறுநீர் வரும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ டெஸ்ட். மாட்டுத்தாவணியில் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே அப்பா கட்டணக் கழிப்பறைக்குப் போய்விட்டிருந்தார். டெஸ்டில் வந்தது 60 மில்லி. 150 மில்லியாவது வேண்டுமாம். அன்றைய அலைச்சல் வீண்.

மறுமுறை போகுமுன் மூன்று நாள் கணக்கு எழுதினேன்: எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி. வீட்டிலிருந்த மாத்திரைகளையெல்லாம் மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டேன். சுகர், பிரஷர் அட்டைகளை ஒதுக்கிவிட்டு, பாதி கிழிந்த சளி மாத்திரை அட்டையைத்தான் டாக்டர் கையில் எடுத்தார். சீட்டில்லாமல் கடையில் வாங்கியது. அப்பா கணக்கில் அதெல்லாம் மருந்தே இல்லை. அதிலிருக்கும் குளோர்பெனிரமின், பிராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீங்கியவர்களுக்குச் சிறுநீரை அடைக்குமாம்.

நிறுத்தினோம். நாலாம் நாள் ராத்திரி இரண்டு தடவைதான் எழுந்தார். அப்பாடா! அப்பாவின் பிராஸ்டேட் வீக்கத்துக்குத் தனி மாத்திரை ஓடுகிறது.