ஆப்பிரிக்க நாவலை எங்கே தொடங்கிப் படிப்பது

ஆப்பிரிக்க நாவல்கள் படிக்கப் பட்டியல் கேட்பவர்களுக்கு நான் முதலில் ஒரே ஒரு பெயர்தான் சொல்வேன்: சிட்சி டங்காரெம்ப்காவின் 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்'. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியில் தொடங்குவதுதான் வழக்கம். அவரை விட்டுவிட முடியாது, ஆனால் இரண்டாவதாக எடுங்கள். நான் நடத்தும் வாசிப்புக் குழுவுக்கு வருகிற இளைஞர்கள் பலர் அடையாளம், காலனியம் என்ற சொற்களைக் கையில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். அந்தச் சொற்களைத் தேடிப் படிப்பதால் கண்ணெதிரே நடமாடும் மனிதர்கள் தப்பிவிடுகிறார்கள். டங்காரெம்ப்காவிடம் அது நடக்காது. அண்ணன் செத்ததற்கு நான் வருத்தப்படவில்லை என்று ஒரு பெண் முதல் வரியிலேயே சொல்கிறாள். அதற்கப்புறம் அவளை விட்டு எங்கே பார்ப்பது?

தொடங்குமுன் ஒரு சின்ன வேலை. ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நாடு, கதை நடக்கும் காலம், எழுதி வெளியான ஆண்டு. ஆப்பிரிக்கா 54 நாடுகள். செனகல் வீட்டில் நடப்பதை வைத்துக் கென்யாவைப் பேசக்கூடாது. அதோடு, கதைக்கும் எழுத்துக்கும் இடையில் கடந்த ஆண்டுகள் நிறையச் சொல்லும். தம்பு என்ற அந்தப் பெண்ணின் அண்ணன் இறப்பது 1968இல், வெள்ளைச் சிறுபான்மையினர் ஆண்ட ரொடீசியாவில். அந்த நாடு 1980இல் ஜிம்பாப்வேயாகி விடுதலை பெற்றது. புத்தகம் வந்தது 1988இல். விடுதலைக்குப் பிறகு திரும்பிப் பார்த்து எழுதிய கதை என்பதால், இதில் கோபம் வெள்ளை அரசின் மேல் மட்டும் பாயவில்லை, சொந்த வீட்டுக்குள்ளும் பாய்கிறது.

இனி படிக்கும் முறை. பெரிய சொற்களை மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் பின்தொடருங்கள்: பள்ளிக்கூடக் கட்டணம் யார் கட்டுகிறார்கள்?

தம்புவின் வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் கட்டணம் கட்ட முடியும். அண்ணன் நாமோ போகிறான். புத்தகத்தைச் சமைத்துப் புருஷனுக்குப் போடுவாயா என்று அப்பா இவளைக் கேட்கிறார். இவள் விதை கேட்டு வாங்கி, சொந்தமாக மக்காச்சோளம் பயிரிடுகிறாள். கதிர்கள் காணாமல் போகின்றன. திருடிப் பள்ளித் தோழர்களுக்குக் கொடுப்பது அண்ணன்தான் என்று தெரிந்ததும் எல்லார் எதிரிலும் அவன்மேல் பாய்கிறாள். ஆசிரியர் ஒருவர் நகரத்துக்குக் கூட்டிப்போகிறார், பச்சைக் கதிர் விற்க. அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, குழந்தையை வேலை வாங்குவதாக ஆசிரியரைத் திட்டுகிறாள். விவரம் கேட்டதும் 10 பவுண்டு கொடுக்கிறாள். அது தெரிந்தவுடன், மகளின் பணம் எனக்குத்தான் சேரவேண்டும் என்று அப்பா பள்ளிக்கூடத்துக்கே போய் நிற்கிறார்.

இந்தச் சில பக்கங்களை இரண்டு முறை படியுங்கள். அவள் உழைப்பின் விளைச்சலில் அண்ணன் கைவைக்கிறான், அப்பா உரிமை கோருகிறார், வெள்ளைக்காரியின் இரக்கம் கட்டணமாகிறது. நிறம், ஆண், பெண், ஏழ்மை என்று தனித்தனியாகப் பிரித்துப் பேசத் தேவையில்லாமல் அத்தனையும் ஒரு மக்காச்சோளக் காட்டில் வந்து நின்றுவிட்டன.

அண்ணன் இறந்த பிறகு தம்புவின் கட்டணம் பெரியப்பா பாபாமுகுரு கைக்குப் போகிறது. இங்கிலாந்தில் படித்தவர், மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். கட்டுகிறவர் சொல்வதே வீட்டில் சட்டம். அவர் மனைவியும் முதுகலைப் பட்டம் வாங்கியவர் என்பது தம்புவுக்கே நெடுநாள் தெரியாது. பெரியம்மாவின் சம்பளம் எங்கே போகிறது என்பதை நீங்களே கவனியுங்கள். தம்புவின் பெற்றோருக்குப் பிள்ளைகள் பிறந்து இத்தனை வருடம் கழித்துச் சர்ச்சில் கல்யாணம் செய்துவைக்கிறார் பெரியப்பா. அன்று காலை தம்பு கட்டிலைவிட்டு எழவில்லை. நன்றியோடு இருக்க வேண்டியவள் முதன்முறையாக முடியாது என்கிறாள். எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த இடம் இது.

இப்போது அச்சிபி. 'திங்ஸ் ஃபால் அபார்ட்' 1958இல் வந்தது, நைஜீரிய விடுதலைக்கு இரண்டு ஆண்டு முன்பு. வெள்ளைக்காரன் வந்தான், நல்லூர் அழிந்தது என்று இதைச் சுருக்கிவிடாதீர்கள். மொத்தம் 25 அத்தியாயம். முதல் 13இலும் ஊர் தன் போக்கில் வாழ்கிறது. கதாநாயகன் ஒகோன்க்வோவின் மகன் நுவோயேயை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். வீட்டில் அவனோடு அண்ணன்போல் வளர்ந்த இகெமெஃபுனாவை ஊர் கொல்கிறது, அப்பாவும் வெட்டுகிறார். காட்டில் எறியப்பட்ட இரட்டைக் குழந்தைகளின் அழுகை அவன் காதில் விழுந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் பின்னால் மிஷனரிகளின் பாட்டு அவனை இழுக்கிறது. விரிசல் முன்பே இருந்தது. வந்தவர்கள் அதற்குள் நுழைந்தார்கள். தன் மக்களை இவ்வளவு நேசிக்கிற ஒருவர் இதை மறைக்காமல் எழுதியதால்தான் அவர்மேல் எனக்கு அத்தனை மரியாதை.

கடைசிப் பக்கத்தில் ஆங்கிலேய மாவட்ட அதிகாரி, தான் எழுதப்போகும் புத்தகத்தில் ஒகோன்க்வோவுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம் என்று யோசிக்கிறார். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடாமல் முதல் அத்தியாயத்தை மறுபடி புரட்டுங்கள். நாம் படித்து முடித்த முழு வாழ்க்கை அந்த ஒரு பத்திக்குள் எப்படி அடங்கும் என்பதுதான் அச்சிபியின் சண்டை.

மூன்றாவதாக மரியாமா பா. செனகல்காரர், பிரெஞ்சில் எழுதினார். 'ஸோ லாங் எ லெட்டர்' 1979இல் வந்தது. மிகச் சிறியது, ஒரே மூச்சில் படிக்கலாம். கணவனை இழந்த ரமதுலாயே தோழிக்கு எழுதும் கடிதம். மகளின் தோழியையே இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட கணவன் அவன். துக்கம் முடியுமுன் அவன் அண்ணன் இவளை மணக்க வந்து நிற்கிறான். முப்பது வருட மௌனத்தை அவள் அன்று உடைக்கிறாள். அவள் தன் மதத்தை உதறவில்லை. அதற்குள் நின்றுகொண்டே பேசுகிறாள். அவளைப் புரட்சிக்காரியாகவோ அடங்கினவளாகவோ ஆக்கிவிடாமல் படியுங்கள்.

கூகி வா தியாங்கோவுக்குக் கடைசியில் வாருங்கள், அவருக்கு மட்டும் வாழ்க்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கிய காலத்தில் அவரை யாரும் சிறையில் போடவில்லை. 1977இல் கென்யாவின் கமிரீத்து கிராமத்தில் விவசாயிகளும் தொழிலாளர்களும் நடிக்க, அவர்களுடைய தாய்மொழியான கிகூயுவில் நாடகம் போட்டார். அரசு நாடகத்தை நிறுத்தியது. அந்த வருடத்தின் கடைசி நாளன்று அவரைப் பிடித்து விசாரணையில்லாமல் அடைத்தது. பிடித்த அரசு வெள்ளை அரசு அல்ல, சுதந்திரக் கென்யாவின் அரசு. சிறையில் கழிவறைக் காகிதத்தில் அவர் எழுதிய நாவலும் கிகூயுவில்தான். யாருக்குப் புரியும்படி எழுதினால் ஆட்சிக்குப் பயம் வருகிறது என்ற கேள்வியோடு அவரைப் படித்தால், 1986இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பு 'டீகாலனைசிங் தி மைண்ட்' தானாகத் திறந்துகொள்ளும்.

குழுவாகப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவர்கள் பண்பாடு சரியா தப்பா என்று விவாதம் வைக்காதீர்கள், பத்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்த வீட்டுக்குள்ளேயே அதை எதிர்ப்பது யார், எதிர்க்க என்ன விலை கொடுக்கிறார் என்று ஆளுக்கொரு பாத்திரத்தைப் பிரித்துக் கொடுங்கள்.

இவற்றை முடித்தவர்கள் செனகல் எழுத்தாளர் செம்பேன் உஸ்மானின் 'காட்ஸ் பிட்ஸ் ஆஃப் வுட்' எடுக்கலாம். 1947இல் தொடங்கிய டக்கார்–நைஜர் ரயில்வே வேலைநிறுத்தம்தான் கதை. பாத்திரங்கள் நிறைய, ஊர்களும் மாறிக்கொண்டே இருக்கும். மாலியின் பமாக்கோ, செனகலின் தியெஸ், டக்கார் மூன்றையும் வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தியெஸிலிருந்து பெண்கள் டக்காருக்கு நடந்தே கிளம்பும் பகுதிக்கு வரும்போது அந்தத் தூரம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.